அசோகம் எது, இண்டிகா எது?

மதிப்பிற்குரிய ஐயா,

கொல்லங்கோட்டில் எங்கள் வீட்டு மதிலோரம், அசோகம் என்று சொல்லி நாற்றுப் பண்ணையில் கொடுத்த மரம் பத்து ஆண்டுகளாக நிற்கிறது. ஒரு சிவப்புப் பூகூடக் காணோம். அண்டை வீட்டுச் சேச்சி அதை அரணமரம் என்கிறார். அசோகத்துக்கு ஒரு நூலில் ‘சராக்கா இண்டிகா’ என்றும் மற்றொன்றில் ‘சராக்கா அசோகா’ என்றும் இருக்கிறது. எது சரி?

அன்புள்ள நண்பருக்கு,

சேச்சி சொன்னதே சரி. ஓரம் நெளிந்த ஒற்றை இலைகளைத் தொங்கவிட்டு நெடுநெடுவென்று நிற்கும் அரணமரம்தான் தமிழில் நெட்டிலிங்கம், சீத்தாப்பழக் குடும்பம். பாலியால்தியா என்றிருந்த அதன் பேரினப் பெயர் (அறிவியல் பெயரின் முதற்சொல்) 2012இல் மோனூன் என்று மாறியும், நம் பக்கத்துப் பண்ணைகளில் அது அசோகாதான். நானும் அப்படி வாங்கி ஏமாந்தவன்.

அசோகம் புளியமரத்துக்கு உறவு. ஒரு காம்பில் நான்கைந்து இணைச் சிற்றிலைகள் இருக்கும். துளிர்கள் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். மாசி, பங்குனியில் கிளையிலும் அடிமரத்திலுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். ஒரு பூவைக் கிள்ளிப் பாருங்கள்: அதில் அல்லி இதழே கிடையாது, இதழென்று நாம் நினைக்கும் நான்கும் புல்லிகள். மஞ்சளோடிய ஆரஞ்சாக விரிந்து பின்னர் சிவப்பதால் ஒரே கொத்தில் இரு நிறம் தெரியும். பழந்தமிழில் பிண்டி, செயலை என்றது இதைத்தான்.

பெயர்க் குழப்பம் பழையது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1767இல் சராக்கா இண்டிகா என்று பெயரிட்டது ஜாவா மரத்துக்கு; அந்தப் பெயரையே நம் மரத்துக்கும் வைத்து நெடுங்காலம் எழுதிவிட்டார்கள். தாவரவியலாளர் ராக்ஸ்பரோவோ நம் மரத்தை, மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸைச் சிறப்பித்து, ஜோனேசியா அசோகா என்று தனியே விவரித்திருந்தார். இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று தெளிந்தபின், 1968இல் தாவரவியலாளர் டி வில்டே அந்த ‘அசோகா’வைச் சராக்காவுக்குள் கொண்டுவந்தார். ஆகவே இரு பெயர்களும் செல்லும். நம் ஊர் மரத்துக்குச் ‘சராக்கா அசோகா’வே பொருந்தும்.

சராக்கா பேரினம் சிறியது, ஏறத்தாழப் பத்து இனங்கள். பெரும்பாலானவை தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியப் பகுதிகளில் வளர்பவை. சராக்கா டைவ்ஸ் என்னும் இனம் தென்சீனம் வரை செல்கிறது. மேற்கே வந்தது அசோகாதான்: மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகள், இலங்கை, வடகிழக்கு இந்தியா, வங்கதேசம், மியான்மர். அசோகாரிஷ்டம் என்னும் ஆயுர்வேத மருந்துக்காகப் பட்டையை உரித்து உரித்தே காட்டில் அருகிவிட்டது. தட்டுப்பாட்டில் நெட்டிலிங்கப் பட்டையையும் கலக்கிறார்கள்.

அடுத்த நாற்றை இலை பார்த்து வாங்குங்கள். நெட்டிலிங்கத்தை வெட்ட வேண்டாம். அதன் பழத்துக்கு இரவில் வௌவால்கள் வரும்.