படம் சொல்லும் குரல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பானிய மொழி இலக்கியத்தில் சினிமாவின் பாதிப்பை ஆராயும் பேராசிரியர் ஒருவரின் உரையைச் சென்ற வாரம் கேட்டேன். குளோசப், ஃபிளாஷ்பேக், எடிட்டிங் என்று நாவல்களில் புகுந்த உத்திகளைப் பற்றி விரிவாகப் பேசினார். நமக்கோ ஒரு கதை பிடிக்காவிட்டால் 'சினிமாத்தனம்' என்று சொல்லித்தான் பழக்கம். சினிமாவிடமிருந்து இலக்கியம் உண்மையில் எதைப் பெற்றது? ஏதாவது ஒரு நாவலை வைத்துச் சொல்ல முடியுமா?

கே.

அன்புள்ள கே.,

உத்திகள் வந்து சேர்ந்தது உண்மைதான். 1935-இல் வந்த தன் முதல் கதைத் தொகுப்பின் முன்னுரையில், ஸ்டீவன்சன், செஸ்டர்டன் என்ற எழுத்தாளர்களோடு சேர்த்து இயக்குநர் ஸ்டெர்ன்பெர்க்கின் ஆரம்பகாலப் படங்களுக்கும் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் கடன் சொல்கிறார். ஆனால் உங்கள் கேள்விக்கு அர்ஜென்டினாவின் இன்னொரு எழுத்தாளரான மனுவேல் புய்க்கிடம்தான் போகவேண்டும்.

1932-இல் பம்பாஸ் சமவெளியில் ஹெனரல் வில்லேகாஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். அம்மாவோடு அநேகமாகத் தினமும் சினிமாவுக்குப் போய் வளர்ந்த பிள்ளை. 1956-இல் ரோம் திரைப்படப் பள்ளியில் சேர்ந்தார். முந்தைய ஆண்டு கொலம்பிய நாவலாசிரியர் கார்ஸியா மார்க்கேஸும் அங்கே படித்திருந்தார். புய்க்குக்குச் சினிமா கைகூடவில்லை. ஒரு திரைக்கதைக்காகத் தன் குடும்பத்துப் பெண்ணொருவரின் பேச்சை ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தார். அது முப்பது பக்கத்துக்கு ஓடியது. 1968-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல் அப்படித்தான் பிறந்தது.

1976-இல் வந்த 'சிலந்திப் பெண்ணின் முத்தம்' நாவலைப் படியுங்கள். புவனோஸ் அய்ரெஸ் சிறையில் ஓர் அறை, அதில் இரண்டு கைதிகள். மொலீனா தான் பார்த்த படங்களை இரவுகளில் சொல்கிறான். புரட்சிக்காரனான வாலன்டீன் கேட்கிறான். சாப்பாட்டைப் பற்றியும் நிர்வாணப் பெண்களைப் பற்றியும் மட்டும் சொல்லாதே என்கிறான், பாவம். விவரிப்பவர் என்று யாருமில்லை, பெரும்பகுதியும் பேச்சுதான். முதல் வரியிலேயே ஒரு விசித்திரமான பெண் வருகிறாள். அவள் திரையில் இருப்பவள் என்பது மெல்லத்தான் நமக்குப் பிடிபடுகிறது. இதையெல்லாம் நீயாகச் சேர்க்கிறாயா என்று வாலன்டீன் கேட்கும்போது மொலீனா மறுக்கிறான்: நான் பார்க்கிற மாதிரியே நீயும் பார்க்கவேண்டுமென்றால் கொஞ்சம் விளக்கித்தானே ஆகவேண்டும்?

நாவலின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. திரை இல்லாத இடத்தில் படம் ஒரு குரலாக மாறுகிறது. படம் பார்த்துவிட்டு வந்த அக்காவிடம் "அப்புறம்?" என்று கேட்டபடியே படுத்திருந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. 1985-இல் இயக்குநர் பாபென்கோ இதைப் படமாக்கினார், மொலீனாவாக நடித்த வில்லியம் ஹர்ட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. நல்ல படம்தான். ஆனாலும் மொலீனா சொல்வதைத் திரையே காட்டிவிடும்போது, கேட்டுக் கேட்டு நாமாகக் கட்டியெழுப்பும் இன்பம் போய்விடுகிறது.

'சினிமாத்தனம்' பற்றி: மொலீனா சொல்லும் படங்களில் ஒன்று நாஜிப் பிரச்சாரப் படம். அதன் காதலில் உருகி நிற்கிறான் அவன். வாலன்டீனுக்கு ஆத்திரம் வருகிறது. அந்த ஆத்திரம் நியாயமானது என்று புய்க்குக்குத் தெரியும். இருந்தும் அழுகிறவனை அவர் ஒரு வரியில்கூடக் கேலி செய்வதில்லை. மலினமானது என்று நாம் ஒதுக்கும் கண்ணீரையும் ஒப்பனையையும் மிகையையும் ஒரு மனிதனின் கடைசி உடைமையாக மதிக்கிறார். அவருடைய சாதனையாக நான் நினைப்பது இதைத்தான். எந்த எடிட்டிங் உத்தியையும்விட இது பெரிது.

இறுதிப் பக்கங்களில் வாலன்டீன் சித்திரவதைக்குப் பிறகு கிடக்கிறான். மார்ஃபின் கொடுக்கிறார்கள். வலி மங்கும்போது அவனுக்குள் ஒரு படம் ஓடத் தொடங்குகிறது. இம்முறை சொல்வதற்குப் பக்கத்தில் மொலீனா இல்லை.