11 முடிந்த குழந்தைக்கு 12 என்று டிக்கெட் போடாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 12 நடக்கிறது. பள்ளி விடுமுறையில் வெளிநாட்டிலிருக்கும் என் அக்கா வீட்டுக்கு அவளைத் தனியாக விமானத்தில் அனுப்ப நினைக்கிறோம். வழியில் ஒரு விமானம் மாற வேண்டும். அங்கே இருக்கும்போதே பிறந்தநாள் வந்து 12 முடிந்துவிடும். தனியாகப் போகும் குழந்தைக்கென்று கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள். "எப்படியும் 12 ஆகப்போகிறது. 12 என்றே போட்டுப் பெரியவர் டிக்கெட்டில் அனுப்பிவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள்" என்கிறார் எங்கள் டிராவல் ஏஜென்ட். சரிதானா? வேறு என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: சரியில்லை. நாம் '12 நடக்கிறது' என்போம். விமான நிறுவனத்துக்கு நடக்கிற வயது கிடையாது, முடிந்த வயதுதான். புறப்படும் நாளன்று உங்கள் மகளுக்கு வயது 11. அவளுடைய பிறந்த தேதி பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கிறது. செக்-இன் கவுண்டரில் இருப்பவர் முதலில் பிரித்துப் பார்ப்பதே அந்தப் பக்கத்தைத்தான். 'யாரும் கேட்கமாட்டார்கள்' என்று சொன்னவர் அந்தக் கவுண்டருக்கு உங்களோடு வரப்போவதில்லை.

அந்தக் கவுண்டரின் மறுபக்கத்தில் பல ஆண்டுகள் நின்றவன் நான். இப்படி வயது ஏற்றிய டிக்கெட்டோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தை புது உடுப்போடு நிற்கும், அப்பா ஏஜென்டுக்குத் திரும்பத் திரும்ப போன் போடுவார், மணி அடித்துக்கொண்டே இருக்கும். "கட்டணத்தை இப்போதே கட்டிவிடுகிறேன்" என்று கெஞ்சுவார்கள். பணம் கட்டினால் முடிகிற காரியமில்லை அது. ஒரு விமானத்தில் இத்தனை குழந்தைகளைத்தான் தனியாக ஏற்கலாம் என்று பல நிறுவனங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. இறங்கும் ஊரிலும் விமானம் மாறும் ஊரிலும் உள்ள ஊழியர்களுக்கு முன்கூட்டியே தகவல் போய், அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசி ஒரு மணி நேரத்தில் இதெல்லாம் நடக்காது. குழந்தை வீடு திரும்பும், டிக்கெட் பணமும் பெரும்பாலும் திரும்பாது.

கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டால்? அதுதான் எனக்கு இன்னும் பெரிய பயம். அந்தக் கூடுதல் கட்டணம் எதற்கு என்று யாரும் பெற்றோருக்கு ஒழுங்காகச் சொல்வதில்லை. துணையின்றிப் போகும் குழந்தையை விமான நிலையத்தில் 'யூ.எம்.' என்போம். யூ.எம். என்று பதிவான குழந்தையை நீங்கள் ஓர் ஊழியரிடம் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கிறீர்கள். அவர் விமானப் பணியாளரிடம், அவர் இறங்குமிடத்து ஊழியரிடம், அவர் உங்கள் அக்காவிடம். கைமாறும் இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் குழந்தைக்குப் பொறுப்பு. பெரியவர் டிக்கெட்டில் இந்தச் சங்கிலி இல்லை. இடையில் மாற வேண்டிய விமானம் ரத்தானால், கணினியைப் பொறுத்தவரை உங்கள் மகள் வளர்ந்த பயணி. வரிசையில் நின்று, வேறு விமானம் கேட்டு வாங்கி, இரவு தங்க இடம் தேட வேண்டியவள். தனியாக வரும் சிறுமிக்கு ஹோட்டலில் அறை கொடுக்கமாட்டார்கள்.

வயது விதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 5 வயது முடியாத குழந்தையைத் தனியாக ஏற்றமாட்டார்கள். 5 முதல் 11 வரை, ஏற்கும் நிறுவனங்களில் இந்தச் சேவை கட்டாயம். 12 முடிந்தபின் பெரும்பாலும் பெற்றோர் விருப்பம். ஆனால் எல்லா நிறுவனமும் இப்படியில்லை. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களான அமெரிக்கன், டெல்டா, யுனைடெட் மூன்றிலும் 14 வயது வரை கட்டாயம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2016இல் இந்தச் சேவையையே நிறுத்திவிட்டது. ரையன்ஏர் 16 வயதுக்குக் கீழே தனியாக ஏற்றுவதில்லை. மலிவு விலை விமானங்களில் பலவும் இதே கதைதான். ஒரே வானத்தில் பறக்கிறவர்கள் ஒரே விதியை வைத்துக்கொண்டால் என்ன குறைந்துபோகும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. விதியை இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டுவைப்பார்கள். போனில் ஒருவர் ஒன்று சொல்வார், கவுண்டரில் இன்னொருவர் வேறு சொல்வார்.

பிறந்தநாள் சிக்கலுக்கு வருகிறேன். போகும்போது 11, திரும்பும்போது 12. இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள், இங்கேதான் எல்லோரும் இடறுகிறார்கள். டிக்கெட் விலை ஒரு கணக்கு, துணைச் சேவை வேறொரு கணக்கு. விலையைப் பல நிறுவனங்கள் பயணம் தொடங்கும் நாளின் வயதை வைத்துப் போடும். சேவையை ஒவ்வொரு விமானமும் கிளம்பும் நாளின் வயதை வைத்துப் பார்ப்பதும் உண்டு. அதனால் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் போகும்போது யூ.எம்., வரும்போது பெரியவர் என்று கணினி தன் போக்கில் பிரித்துவிடலாம். பிறகு உங்கள் அக்கா குழந்தையோடு போய் நின்றால், "திரும்பும் பயணத்துக்குச் சேவை பதிவாகவில்லையே" என்பார்கள். போன பயணத்துக்குக் கட்டிய கட்டணம் வரும் பயணத்துக்குச் செல்லாது, ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி. எனவே பதிவு செய்யும்போதே பிறந்த தேதியைச் சொல்லி, "திரும்பும்போது 12 முடிந்திருக்கும், அப்போதும் இந்தச் சேவை வேண்டும்" என்று கேளுங்கள். 12 முடிந்தவர்களுக்கு விருப்பச் சேவை இல்லாத நிறுவனம் என்றால் வேறு நிறுவனம் பாருங்கள், இல்லையேல் பிறந்தநாளுக்கு முன்பே திரும்புமாறு தேதியை மாற்றுங்கள். பிறந்தநாள் கேக்கைப் பெரியம்மா வீட்டில் வெட்டினால் என்ன, உங்கள் வீட்டில் வெட்டினால் என்ன? கேட்டதும் விட்டுவிடாதீர்கள். 'கேட்டிருக்கிறோம்' என்பது வேறு, 'உறுதியானது' என்பது வேறு. ஏஜென்டுகள் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் சொல்வார்கள். பதிவு எண்ணை வாங்கி நீங்களே நிறுவனத்தை அழைத்து, இரு திசைக்கும் உறுதியானதை எழுத்தில் பெறுங்கள்.

அடுத்தது விமானம் மாறும் விஷயம். முடிந்தால் மாறவே வேண்டாம். நேர் விமானம் விலை கூடுதல்தான், கொடுங்கள். யுனைடெட் போன்ற சில நிறுவனங்கள் தனியாக வரும் குழந்தையை நேர் விமானத்தில் மட்டுமே ஏற்கும். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டும் ஒரே நிறுவனத்தின் விமானமாக, ஒரே டிக்கெட்டில், பகல் பொழுதில் இருக்கட்டும். நாளின் கடைசி விமானத்தில் மாற வைக்காதீர்கள், அது தவறினால் இரவு முழுவதும் விமான நிலையம்தான். விலை குறையும் என்று வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு டிக்கெட்டுகளை ஒட்டுப்போட்டுத் தருவதும் ஏஜென்டுகளின் வழக்கம். இரண்டு டிக்கெட் என்றால் முதல் நிறுவனத்தின் பொறுப்பு முதல் ஊரோடு முடிந்தது. அங்கே குழந்தையை வாங்கிக்கொள்ள ஆள் எங்கே என்று கேட்பார்கள். யாரைச் சொல்வீர்கள்?

இதே ஏஜென்ட் நாளை இன்னொரு யோசனையும் சொல்வார்: "அதே விமானத்தில் நமக்குத் தெரிந்தவர் ஒருவர் போகிறார், அவரோடு சேர்த்துவிடலாம்." கொஞ்சம் பணம் கொடுத்தால் போதுமாம். அந்த மனிதரை உங்களுக்குத் தெரியாது, ஏஜென்டுக்கும் தெரிந்திருக்காது. டிக்கெட்டில் துணை என்று பெயர் இல்லாதவருக்கு விமானத்தில் குழந்தைமேல் எந்தப் பொறுப்பும் இல்லை. தன் பெட்டியின் எடையைக் குழந்தையின் கணக்கில் ஏற்றிவிட்டுப் போகிறவர்களை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். பெட்டிக்குள் என்ன இருந்ததோ! உங்கள் மகள் பெயரில் போகும் பெட்டியில் உங்கள் வீட்டுப் பொருளைத் தவிர ஒரு மிட்டாய்கூட இருக்கக்கூடாது.

ஆவணங்களில் பாஸ்போர்ட், விசாவோடு, பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்று பெற்ற சம்மதக் கடிதம் வைத்துக்கொள்ளுங்கள். சில நாடுகள் இதைவிடக் கூடுதலாகக் கேட்கும். தென்னாப்பிரிக்காவுக்குத் தனியாக வரும் குழந்தையிடம், அங்கே வரவேற்பவரின் கடிதமும் அடையாள அட்டை நகலும் இருக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் 15 வயதுக்குட்பட்ட வெளிநாட்டுக் குழந்தை பெற்றோர் இல்லாமல் வந்தால் குடியேற்றத் துறையிடம் தனி அனுமதி வேண்டும். உங்கள் அக்கா இருக்கும் நாட்டின் தூதரகத் தளத்தை நீங்களே பாருங்கள். ஏஜென்ட் வாங்கித் தரும் 'ரெடிமேட்' கடிதத்தை நம்பாதீர்கள்.

விமானப் பணியாளர்கள் குழந்தையின் அருகில் உட்கார்ந்திருக்கமாட்டார்கள், அவ்வப்போது வந்து பார்ப்பார்கள். மருந்து கொடுக்கமாட்டார்கள். தினமும் மருந்து சாப்பிடும் குழந்தை என்றால் டிக்கெட் வாங்குமுன்பே சொல்லிவிடுங்கள். அழைப்புப் பொத்தான் எங்கே, கழிப்பறைக் கதவை எப்படித் தாழிடுவது, விமானம் நின்றதும் எழுந்து ஓடாமல் ஊழியர் வரும்வரை உட்கார்ந்திருப்பது ஆகியவற்றை வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். தொலைபேசி எண்கள் போனில் மட்டுமல்லாமல் தாளிலும் மனத்திலும் இருக்கட்டும். நீங்களும் குழந்தை உள்ளே போனவுடன் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். ஓடுபாதை வரை போன விமானம் திரும்பி வந்து பயணிகளை இறக்குவதும் உண்டு. அது மேலே எழும்பியது உறுதியாகும் வரை விமான நிலையத்திலேயே இருங்கள்.

கடைசியாக, படிவத்தில் வரவேற்பவர் பெயர். உங்கள் அக்கா உங்கள் மகளுக்குப் பெரியம்மா, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். "யார் வருவார்கள்?" என்று ஊழியர் கேட்டால் "பெரியம்மா" என்பாள். அடையாள அட்டையில் என்ன பெயர் இருக்கிறதோ, இனிஷியல் உட்பட அதே எழுத்தில் படிவத்தில் எழுதுங்கள், அதையே குழந்தையும் சொல்லப் பழக்குங்கள். அக்காவுக்கு அன்று வேலை என்றால் அத்தான் வருவார் அல்லவா? அவர் பெயர் படிவத்தில் இல்லாவிட்டால் குழந்தையைக் கொடுக்கமாட்டார்கள். ஒருமுறை குழந்தை "பெரியப்பா!" என்று ஓடப்போனதையும், ஊழியர் கையைப் பிடித்து நிறுத்தியதையும் பார்த்தேன். சரியான ஆள் அட்டையோடு வந்து சேர இரண்டு மணி நேரமாயிற்று. அந்த ஊழியர் செய்ததில் தவறே இல்லை. நிறுவனம் அனுமதித்தால் இரண்டு பேரின் பெயரையும் எழுதுங்கள், இல்லையேல் அக்காவை அன்று விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள்.