உடனுறை

கேள்வி: பாட்டி காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பட்டாளத்திலிருந்து தாத்தா எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு இருந்தன. மழை, மாடு, மணியார்டர் தவிர அவற்றில் ஒன்றுமில்லை. கடைசிக் கடிதம் ஜாவாவிலிருந்து, 1946 ஜூனில் எழுதியது. உலகப் போர்தான் 1945-லேயே முடிந்துவிட்டதே! தாத்தா ஏன் உடனே வீடு திரும்பவில்லை? பாட்டியை இங்கே விட்டுவிட்டு அங்கே என்னதான் செய்துகொண்டிருந்தார்? உடனே பதில் தரவும். – ஒரு வாசகி

பதில்: தாத்தா மேல் உங்களுக்கு ஒரு சந்தேகம் இருப்பது தெரிகிறது. அவரை விசாரிப்பதற்கு முன்னால் உங்கள் 'உடனே'யை விசாரிக்கிறேன். நாலு வரிக் கேள்வியில் இரண்டு தரம் வருகிறது.

'உடன்' என்றால் கூட, சேர்ந்து. உடன்பிறந்தவர் என்கிறோம். கோயில் பலகைகளில் 'விசாலாட்சி உடனுறை விஸ்வநாதர்' என்று எழுதியிருப்பார்கள். சுவாமி தனியாக இல்லை, அம்பாளும் கூட இருக்கிறாள் என்று பொருள். சேர்ந்திருப்பதைச் சொன்ன இந்த வார்த்தை, ஓர் ஏகாரத்தை ஒட்டிக்கொண்டதும் 'தாமதமில்லாமல்' ஆகிவிட்டது. எப்படி ஆனது என்பதை மொழியியல்காரர்கள் சொல்லட்டும். பிரிந்திருந்த புருஷனோ பெண்டாட்டியோதான் இந்த வேலையைச் செய்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு அப்புறம்தான் வியாபாரிகள் உள்ளே புகுந்தார்கள். உடனடிக் காபி, உடனடி இட்லி மாவு, உடனடிக் கவிதை. முதல் இரண்டையும் மன்னித்துவிடுவேன். மூன்றாவது இந்த அலுவலகத்துக்குத் தினமும் ஒரு கூடை வருகிறது.

அதே வீட்டுப் பிள்ளைதான் உடன்படிக்கையும். ஜப்பான் பணிந்துவிட்டதாக அறிவித்தது 1945 ஆகஸ்ட் 15. டோக்கியோ விரிகுடாவில் கப்பல் தளத்தில் மேஜை போட்டுச் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது செப்டம்பர் 2. சமாதான உடன்படிக்கை சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்தானது 1951-ல். அதில் இந்தியா சேராமல், 1952-ல் தனியாக ஒன்று போட்டுக்கொண்டது. ஆக, எந்தத் தேதியில் போர் முடிந்தது என்கிறீர்கள்? உங்கள் தாத்தா 1952 வரை காத்திருக்கவில்லை என்று சந்தோஷப்படுங்கள்.

சண்டை போட ஆள் சேர்ப்பது சுலபம், திருப்பி அனுப்புவதுதான் கஷ்டம். இந்திய ராணுவத்தில் மட்டும் அப்போது ஏறத்தாழ 25 லட்சம் பேர். கப்பல்கள் போதவில்லை. யாரை முதலில் ஏற்றுவது என்பதற்கு அமெரிக்கர்கள் ஒரு மார்க் ஷீட் வைத்திருந்தார்கள். பணியாற்றிய மாதத்துக்கு ஒரு புள்ளி, வெளிநாட்டில் இருந்த மாதத்துக்கு இன்னொன்று, பதக்கத்துக்கு ஐந்து, குழந்தை ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதுவும் மூன்று குழந்தை வரைதான். 85 தேறினால் வீட்டுக்குப் போகலாம். மனைவிக்கு? பூஜ்யம். மனைவி இல்லாமல் அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்ததாம் என்று எந்த ஜெனரலும் யோசித்ததாகத் தெரியவில்லை. அங்கிருந்த பெண்கள் சும்மா இருக்கவில்லை. 'அப்பாவை அனுப்புங்கள்' என்று சீட்டுக் கட்டி, குழந்தைகளின் காலணிகளை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். 1946 ஜனவரியில் மணிலாவில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர்வலம் போனார்கள். அதே மாதம் கராச்சியில் பிரிட்டிஷ் விமானப்படை ஆட்கள் வேலைக்கு வரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

உங்கள் தாத்தா மாட்டிக்கொண்ட இடமோ ஜாவா. அங்கே போர் முடிந்த பிறகுதான் சண்டையே ஆரம்பித்தது. ஜப்பானியரின் ஆயுதங்களை வாங்கிக்கொண்டு கைதிகளை விடுவிக்கப் போன இந்தியப் பட்டாளம், அக்டோபர் கடைசியில் சுரபாயாவில் இறங்கிய சில நாட்களிலேயே, விடுதலை கேட்ட இந்தோனேசியர்களோடு மோத வேண்டியதாயிற்று. காவலுக்கு ஆள் போதாமல், முந்தாநாள் வரை எதிரியாக இருந்த ஜப்பானியச் சிப்பாய்களையே துப்பாக்கியோடு நிறுத்தினார்கள். இந்தியப் படை அங்கிருந்து முழுசாக வெளியேறியபோது 1946 நவம்பர் முடிந்துவிட்டது. தாத்தா அங்கே என்னதான் செய்தார் என்ற கேள்வியை, தாத்தாவே இரவுக் காவலில் நின்றபடி கேட்டிருப்பார்.

சண்டை இல்லாத முகாமில் என்ன செய்வார்கள் என்பது எனக்கு வேறு வழியில் தெரியும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் எங்கள் அச்சகத்தில் மூத்த கம்பாசிடர் ஒருவர் இருந்தார். பர்மா யுத்தத்துக்குப் போய், அது முடிந்தும் எட்டு மாதம் ரங்கூனில் கிடந்தவர். "சண்டை நடக்கிறப்ப பொழுது போயிரும் சார். முடிஞ்சப்புறம்தான் பொழுதே இறங்காது" என்பார். காலையில் ஆள் எண்ணிக்கை. அப்புறம் கிடங்கில் தார்ப்பாய் எண்ணிக்கை. நேற்று எண்ணிய அதே தார்ப்பாய்கள். மத்தியானம் பூட்ஸ் பாலிஷ். ராத்திரி, கப்பல் வருகிறதாம் என்று ஒரு வதந்தி. இவர் சட்டையில் ஒழுங்காக இருந்த பித்தானைப் பிய்த்துவிட்டு, ஊசி நூல் எடுத்து மறுபடி தைத்துக்கொண்டிருப்பாராம். ஒரே பித்தானை எத்தனை தரம் தைப்பீர்கள் என்று கேட்டேன். "துணி ஓட்டையாகிற வரைக்கும்" என்றார்.

கடிதங்களில் ஒன்றுமில்லை என்கிறீர்கள். அந்தக் காலத்துக் கடிதம் எந்த வழியாக வந்தது என்று யோசித்துப் பாருங்கள். யுத்தத்தின்போது அங்கே தணிக்கை அதிகாரி படித்தார். இங்கே பல வீடுகளில் படிக்கத் தெரிந்தவர் இல்லாததால் தபால்காரரோ வாத்தியாரோ திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்தார். மாமனார் எதிரே, மாமியார் பக்கத்தில், பெண்டாட்டி கதவுக்குப் பின்னால். இப்படிச் சபையில் அரங்கேறுகிற கடிதத்தில் ஒரு மனுஷன் என்ன எழுத முடியும்? 'இங்கு யாவரும் க்ஷேமம்' என்பான், மழை உண்டா என்பான். 'மாட்டுக்கு வேளாவேளைக்குத் தண்ணீர் காட்டவும்' என்று உங்கள் தாத்தா எழுதியிருந்தால், அதை மாட்டு விவகாரம் என்று நினைத்துவிட்டீர்களாக்கும். அந்த வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது யார்? அனேகமாகப் பாட்டிதான். மாமனார் பெயருக்கு வந்த கடிதத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே வரி அதுவாக இருக்கும். இல்லாவிட்டால் மாட்டுக் கடிதங்களை ஒருத்தி ஆயுசுக்கும் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைப்பானேன்?

தொல்காப்பியர் இந்த விஷயத்தில் கறார்ப் பேர்வழி. படிப்புக்காகப் பிரிந்தால் மூன்று வருடம் தாண்டக் கூடாது. அரசனுடைய வேலையாகப் பிரிந்தால் 'ஆண்டினது அகமே', ஒரு வருடத்துக்குள். இதை நான் முன்பு எழுதியபோது ஒரு தமிழ்ப் பேராசிரியர், இது இலக்கண மரபே தவிர லீவு விதி இல்லை என்று நாலு பக்கம் மறுப்பு அனுப்பினார். அவருக்கு என் பதில் அன்று சொன்னதுதான்: இலக்கணம் சொன்னவருக்கு இருந்த இரக்கம் ராணுவ இலாகாக்களுக்கு இல்லை. போகட்டும், அவரும் இப்போது இல்லை.

அதே தொல்காப்பியர் பாசறைக்குள் பெண்டாட்டியை அழைத்துப் போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அதைப் பற்றித்தான் அந்தக் கட்டுரை. நம் கம்பாசிடர் 'பாசறை' வந்த இடமெல்லாம் 'பாச அறை' என்று அச்சுக் கோத்துவிட்டார். புரூஃப் பார்த்தவர் தூங்கிவிட்டார். 'பாச அறையில் வீரர்கள் கண்ணுறங்காது கிடந்தனர்' என்று இதழ் வெளிவந்தது. தலைப்பு அருமை, இன்னும் விரிவாக எழுதுங்கள் என்று ஒன்பது கடிதங்கள் வந்தன. வாங்கு வாங்கென்று வாங்கினேன். மனுஷர் அசையவில்லை. பிழை என்று அன்று நம்பினேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

பட்டாளத்திலிருந்து திரும்பிய பிறகும் வெகு நாள் அவர் விடியுமுன் எழுந்து கம்பளியைச் சதுரமாக மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு, ஆய்வுக்கு நிற்பதுபோல் நிற்பாராம். அவர் மனைவி ஒன்றும் சொல்லாமல் வந்து அதைப் பிரித்துப் போடுவாராம்.

கடைசியாக, உங்கள் இரண்டாவது 'உடனே'. கடிதத்தில் தேதி போடவில்லை (இந்த வியாதிக்கு மருந்து கண்டுபிடிப்பவருக்கு ஆயுள் சந்தா இலவசம்). தபால் முத்திரையில் மார்ச் என்று இருக்கிறது. இப்போது நவம்பர். ஆண்டினது அகம்தான்.