மௌனம் காக்கும் நண்பனும் அப்ரூவராகும் நண்பனும்: சிறு முதலீட்டில் ஒரு குற்றப் படம்

கேள்வி: கல்லூரி நண்பர்கள் சேர்ந்து 15 லட்சம் ரூபாய்க்குள் ஒரு படம் எடுக்க இருக்கிறோம். நான்கு நண்பர்களில் ஒருவன் கிணற்றில் இறந்து கிடக்கிறான். மற்ற மூவரும் ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்கள். பக்கத்து ஊரில் நடந்த சம்பவம்தான் கரு. இரண்டாம் பாதி முழுவதும் காவல் நிலையமும் நீதிமன்றமுமாக இருப்பதால் செலவும் கைமீறுகிறது, திரைக்கதையும் தொய்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: செலவு, தொய்வு இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். காவல் நிலையக் காட்சிகளைப் பெரும்பாலும் நாம் மற்ற படங்களைப் பார்த்துத்தான் எழுதுகிறோம். உண்மையான விசாரணை நடைமுறையைத் தெரிந்துகொண்டு எழுதினால், உங்கள் இரண்டாம் பாதியின் பெரும்பகுதி செட்டை விட்டு வெளியேறித் திண்ணைக்கும் கிணற்றடிக்கும் தானாகவே வந்துவிடும்.

கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதற்குப் பிறகு நடந்த கொலைக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 302 என்று உங்கள் ஆய்வாளர் சொன்னால், திரையரங்கில் இருக்கும் முதல் வழக்கறிஞரே சிரித்துவிடுவார். இப்போது அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவு. கிணற்றில் கிடந்த உடலுக்குப் பெரும்பாலும் எடுத்த எடுப்பிலேயே கொலை வழக்கு வராது என்பதையும் கவனியுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின்கீழ்ச் சந்தேக மரணம் என்று பதிவு செய்வார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்து, கொலை என்று தெரிந்தால் அது கொலை வழக்காக மாற்றப்படும். நேற்றுவரை சாட்சிகளாக வந்துபோன மூவரும் அன்று மாலை சந்தேக நபர்கள் ஆகிறார்கள். உங்கள் இடைவேளை அங்கே இருக்கிறது.

அதே சட்டத்தின் 179ஆம் பிரிவின்படி, பெண்களையும் 60 வயதைக் கடந்தவர்களையும் சாட்சி விசாரணைக்காக அவர்கள் வசிக்கும் இடத்தைவிட்டு வேறெங்கும் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே, இறந்தவனின் தாயைக் காவல் நிலையத்தில் உட்காரவைத்து எழுதிய காட்சியை அவருடைய வீட்டுத் திண்ணைக்கு மாற்றுங்கள். ஆய்வாளர் பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். துக்கத்துக்கு வந்த நண்பன் கதவுக்குப் பின்னால், கையில் காப்பித் தம்ளருடன், தன் பெயர் வருகிறதா என்று காது கொடுத்து நிற்கிறான். இதற்கு ஒரு லொகேஷனும் மூன்று நடிகர்களும் போதும்.

அடுத்தது, அடித்து உதைத்து "நான்தான் கொன்றேன்" என்று சொல்ல வைக்கும் காட்சி. காவல் துறையினரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்கிறது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23ஆம் பிரிவு; அவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தத் தகவல் மட்டும் செல்லும். எனவே நான் அந்தக் காட்சியை முழுவதுமாக வெட்டிவிட்டு, பொருளை எடுக்கும் இடத்துக்குப் போய்விடுவேன். நண்பன் முள்வேலி ஓரத்தைக் கைகாட்டுகிறான். இறந்தவனின் செல்பேசி மண்ணுக்குள்ளிருந்து வருகிறது. கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் கைப்பற்றியதைப் பதிவு செய்யும் மகஜரில் கையெழுத்திடுகிறார்கள். கைப்பற்றுவதைக் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு சொல்வதால், ஒரு காவலர் அதைத் தன் செல்பேசியில் எடுத்துக்கொண்டிருப்பார். நீங்களும் அந்தக் காட்சியைச் செல்பேசியிலேயே எடுக்கலாம். பின்னால் நிற்கும் கூட்டத்தில் இன்னொரு நண்பனின் முகம் ஒரு நொடி தெரிந்தால் போதும்.

மறைத்த இடத்தைக் காட்டியவன் அதைத் தானே மறைத்திருக்கலாம், மற்றொருவர் மறைத்ததைப் பார்த்திருக்கலாம், அல்லது யாரோ சொல்லிக் கேட்டிருக்கலாம். எப்படித் தெரியும் என்று அவன் சொல்ல மறுத்தால், அவனே மறைத்தான் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. நண்பனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் வாய்மூடி நிற்பவன், அந்த மௌனத்தாலேயே குற்றவாளியாகத் தெரிகிறான். உங்கள் கதைக்கு இதைவிட நல்ல முடிச்சை நான் யோசித்துத் தந்துவிட முடியாது.

அவனுக்கு எதிர்முனையில் நிற்பவன் அப்ரூவர். நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 343ஆம் பிரிவின்படி, குற்றத்தில் தனக்கும் பங்குண்டு என்பவன், நடந்ததை முழுமையாகவும் உண்மையாகவும் சொல்வதாக ஒப்புக்கொண்டால் மன்னிப்புப் பெறலாம். ஆனால் ஏற்கெனவே ஜாமீனில் இல்லாவிட்டால், நீதிமன்ற விசாரணை முடியும்வரை அவன் காவலில்தான் இருக்க வேண்டும். எதையாவது மறைத்தால் மன்னிப்பே பறிபோய், அவன்மீதும் வழக்கு நடக்கும். இவ்வளவுக்கும் பிறகு, முக்கிய விவரங்களில் வேறு சான்று துணைநிற்காவிட்டால், கூட்டாளியின் சாட்சியத்தை நம்பத்தகாதது என்று நீதிமன்றம் கருதலாம். பேசாதவனையும் சந்தேகித்து, பேசியவனையும் முழுதாக நம்பாத இந்தச் சட்டத்துக்கு நடுவே உங்கள் மூன்றாவது நண்பனை நிறுத்துங்கள்.

நீதிமன்றத்துக்கு இரண்டு காட்சிகள் போதும்: அப்ரூவரின் சாட்சியம், குறுக்கு விசாரணை. பழைய பள்ளிக்கூட அறையில் ஒரு மேடை போட்டுக்கொள்ளலாம். நீதிபதி சுத்தியல் தட்ட வேண்டாம், சாட்சி பகவத் கீதைமேல் கைவைக்கவும் வேண்டாம். நீதிபதி சொல்லச் சொல்லத் தட்டச்சர் அடிக்கும் ஓசையே அந்த அறையின் பின்னணி இசை.

நடந்த சம்பவம் என்பதால் ஓர் எச்சரிக்கை. ஆட்டோ சங்கரின் தன்வரலாறு தொடர்பான 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பில், நீதிமன்ற ஆவணங்கள் உள்ளிட்ட பொதுப் பதிவுகளின் அடிப்படையில் எழுதுவதற்குச் சம்பந்தப்பட்டவரின் இசைவு தேவையில்லை என்றும், அதைத் தாண்டி அந்தரங்கத்துக்குள் போனால் பொறுப்பேற்க நேரும் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பின் சான்று நகலை வாங்கி அதையே ஆதாரமாக வையுங்கள். பெயர், ஊர், தொழில் மூன்றையும் மாற்றுங்கள். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால் வழக்கறிஞர் ஒருவர் திரைக்கதையைப் படிக்காமல் படப்பிடிப்புக்குப் போகாதீர்கள்.

நண்பர்களே சேர்ந்து எடுப்பதால் கதை, இசை, படத்தொகுப்பு ஆகியவற்றின் உரிமையை இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். வெளிநாட்டு விற்பனைப் பேச்சு வரும்போதுதான் பலருக்கும் இது உறைக்கிறது. திரையரங்கில் வெளியிடுவதானால் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு யுஏ சான்றிதழ் 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. உடலைக் கிணற்றிலிருந்து தூக்கும் காட்சியில் முகத்தைக் காட்டியும் காட்டாமலும் இரண்டு விதமாக எடுத்து வைத்துக்கொண்டால், தணிக்கைக்குப் பிறகு மீண்டும் கயிற்றையும் ஆட்களையும் தேடி ஓட வேண்டியிராது.