வாங்க ஆள் வந்தாச்சு, கையெழுத்து போடலாமா?

வணக்கம் சார்,

ரொம்ப வருஷமா மெஷின் சர்வீஸ் கம்பெனி ஒண்ணு நடத்துறேன். விக்கிற எண்ணமே இல்ல, எங்க ஃபீல்டுலயே இருக்கிற பெரிய கம்பெனி ஒண்ணு அவங்களாவே வந்து கேட்டாங்க, நான் நினைச்சதைவிட நல்ல விலை. ஒரு வாரத்துல லெட்டர் ஆஃப் இன்டென்ட்ல (வாங்குற உத்தேசத்தை முதல்ல எழுதி வைக்கிற கடிதம்) கையெழுத்து போடணுமாம், அப்புறம் மூணு மாசம் வேற யார்கிட்டயும் பேசக்கூடாதாம். போட்டுடலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

இந்த வாரம் போடாதீங்க. நிஜமாவே வாங்கணும்னு வந்தவங்க மூணு வாரம் தள்ளுனா ஓடிட மாட்டாங்க.

அந்த லெட்டர்ல இருக்கிற விலை பெரும்பாலும் அவங்களைக் கட்டுப்படுத்தாது, வேற யார்கிட்டயும் பேசக்கூடாதுங்கிறது மட்டும் உங்களைக் கட்டிப்போடும். அதனால கையெழுத்து வரைக்கும்தான் உங்க கை ஓங்கியிருக்கும், அதுக்கப்புறம் டியூ டிலிஜென்ஸ்னு கணக்கை எல்லாம் தோண்டுவாங்க, ஏதாவது கிடைக்கும், விலையைக் குறைப்பாங்க, அதுக்குள்ள நீங்களும் அலுத்துப்போய் சரின்னு தலையாட்டிடுவீங்க. யாஹூவைப் பாருங்க, 2016 ஜூலைல அதோட இன்டர்நெட் தொழிலை வெரைசன்ங்கிற அமெரிக்க டெலிகாம் கம்பெனி 483 கோடி டாலருக்கு வாங்குறதா ஒப்பந்தமே போட்டாச்சு, அப்புறம் பழைய டேட்டா திருட்டு வெளிய வந்து 2017 பிப்ரவரில 35 கோடி டாலர் குறைஞ்சது.

அந்த மூணு வாரத்துல அவங்க தோண்டப்போறதை நீங்களே முதல்ல தோண்டிடுங்க. வெளி ஆடிட்டர் ஒருத்தரை வச்சு கடைசி மூணு வருஷக் கணக்கைப் பாருங்க, சொந்தச் செலவு கம்பெனில ஏறியிருந்தா பிரிச்சு எழுதுங்க. முதலாளி மாறுனா கான்ட்ராக்டை முறிச்சுக்கலாம்னு பெரிய கஸ்டமர் யாராவது எழுதி வாங்கியிருக்காங்களான்னு பாருங்க. அவங்க எல்லாரும் உங்க செல்லுக்கே கூப்பிடுறாங்கன்னா இன்னைலேர்ந்தே மேனேஜரைப் பேச வைங்க, நீங்க இல்லாம ஓடாத கம்பெனிக்கு யாரும் முழு விலை தரமாட்டாங்க. இடையில இன்னும் ரெண்டு பேர்கிட்ட பேசுங்க. வர்றவங்க உங்க போட்டி கம்பெனிங்கிறதால, விஷயத்தை வெளிய சொல்லமாட்டோம்னு ஒப்பந்தம் போட்ட பிறகும் கஸ்டமர் பேரையும் ரேட்டையும் கடைசி வரைக்கும் காட்டாதீங்க.

இப்ப நிறைய பேர் கோட்டை விடுற இடம், வொர்க்கிங் கேப்பிட்டல். விலை 100னு வைங்க. வரவேண்டிய பாக்கி, ஸ்டாக் எல்லாம் கூட்டி, சப்ளையருக்குத் தரவேண்டியதைக் கழிச்சு, தொழில் ஓட 20 உள்ள இருக்கணும்னு முடிவு பண்றாங்க. கைமாறுற அன்னைக்கு 14தான் இருக்குன்னா அந்த 6 உங்க விலைல கழியும், வர்றது 94. அந்த 20ஐ எந்த மாசங்களை வச்சுப் போடுறாங்கங்கிறதுலதான் விஷயமே இருக்கு, சீசன் மாசமா பொறுக்கி எடுத்தா நம்பர் ஏறிடும், 12 மாச ஆவரேஜ்தான்னு லெட்டர்லயே எழுதி வாங்குங்க.

அதே மாதிரி 100ல எவ்வளவு அன்னைக்கே கைக்கு வருது, எவ்வளவு எஸ்க்ரோல (பொதுவான மூணாவது ஆள்கிட்ட பிடிச்சு வைக்கிற பணம்) நிக்குது, எவ்வளவு எர்ன்-அவுட்னு (வித்த பிறகு டார்கெட் அடிச்சா மட்டும் வர்றது) கேளுங்க. டார்கெட் அடிச்சாத்தான் மீதின்னா அதை லாபத்தோட கட்ட விடாதீங்க, வித்த பிறகு செலவை ஏத்துற பேனா அவங்க கைல இருக்கும், விற்பனையோட கட்டுங்க. ஷேரா விக்கிறீங்களா சொத்தா விக்கிறீங்களாங்கிறதைப் பொறுத்து வரி மாறும், வரி தெரிஞ்சவர்கிட்ட முன்னாடியே கேட்டுடுங்க. நடுவுல வியாபாரத்தை மட்டும் விட்டுடாதீங்க, டீல் அலைச்சல்ல ஒரு மாச விற்பனை படுத்தாலே விலைல கை வைக்க அவங்களுக்கு அது போதும்.

இப்போதைக்கு அவங்களுக்கு இப்படி எழுதுங்க: மூணு வாரத்துல பதில் தர்றோம், வேற யார்கிட்டயும் பேசாம இருக்க 45 நாள் ஓகே, நடுவுல நீங்க விலையைக் குறைச்சுக் கேட்டா அன்னைக்கே அந்தத் தடை முடிஞ்சிடும். கடைசி வரிக்கு என்ன பதில் வருதுன்னு எனக்கும் எழுதுங்க, அதை வச்சு மேல பேசலாம்.