சாவி திருக வராத கை: கழுத்து, தண்டுவடம் பற்றிக் கேள்வி பதில்

காரைக்குடி ஞாயிறு கூட்டத்தில் வந்த கேள்விச் சீட்டுகளில் பாதி தலையணை பற்றியவை. அதற்கு ஒரே பதில்தான்: காலையில் கழுத்து பிடிக்காமல் எழுந்தால் அதுவே நல்ல தலையணை. மற்றவற்றில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கு முப்பது வருடம் பிசியோதெரபி செய்தவன் நான். மருந்து எழுதுகிறவன் இல்லை.

கோட்டையூர்: எங்கள் அப்பச்சிக்கு 68 வயது. ஆறு மாதமாகச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. வளவு வீட்டுப் பெரிய சாவியைத் திருகவும் முடியவில்லை. கழுத்து வலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சர்க்கரையால் வந்த நரம்புத் தளர்ச்சி என்கிறார்கள். பொறுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். வந்த சீட்டுகளிலேயே என்னைப் பயமுறுத்தியது இதுதான், அதுவும் வலி இல்லை என்பதால்.

கழுத்தில் ஏழு எலும்புகள். அவற்றின் நடுவே உள்ள குழாய் வழியாகத் தண்டுவடம் இறங்குகிறது. வயதாக ஆக ஜவ்வு தேயும், எலும்பு முள் மாதிரி வளரும், பின்னால் இருக்கிற தசைநார் தடிக்கும், குழாய் குறுகிவிடும். பக்கவாட்டில் பிரிகிற நரம்பு அழுந்தினால் தோளிலிருந்து விரல் வரை சுண்டி இழுக்கும், நாமும் உடனே டாக்டரிடம் ஓடுவோம். தண்டுவடமே அழுந்தும்போது பலருக்கு வலி இருப்பதில்லை. கை மந்தமாகும், கையெழுத்து மாறும், நடை தள்ளாடும், கால் விறைக்கும். முற்றினால் சிறுநீரை அடக்க முடியாது. இதற்கு மயலோபதி என்று பெயர். இதைக் கண்டுபிடிக்கவே சராசரியாக இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது என்று ஆய்வில் தெரியவந்திருக்கிறது. அதற்குள் மணிக்கட்டு நரம்பு என்று கைக்கு வைத்தியம் பார்த்து முடித்திருப்பார்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அப்பச்சியைப் பத்து வினாடிக்குள் விரல்களை முழுசாக மடக்கி விரிக்கச் சொல்லி எண்ணுங்கள். 20 தடவைக்குக் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். எண்ணிக்கை சரியாக வந்தாலும் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் தண்டுவடம் கெடும். அழுத்தம்தான் என்று உறுதியானால் அறுவை சிகிச்சை மேற்கொண்டு மோசமாகாமல் தடுக்கும். போன சக்தி முழுவதும் திரும்பும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் பொறுக்க வேண்டாம் என்கிறேன்.

பள்ளத்தூர்: சலூனில் கழுத்தை நெட்டி முறித்துவிடுகிறார்கள். சுகமாகத்தானே இருக்கிறது?

சுகம்தான். ஆனால் கழுத்தெலும்பில் உள்ள துளைகள் வழியாக மூளைக்கு ரத்தக் குழாய் போகிறது. வெடுக்கென்று திருப்பும்போது அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான், ஆனாலும் ஒரு நெட்டிக்காக எதற்கு? தலையைப் பிடித்துவிடச் சொல்லுங்கள், போதும்.

சிராவயல்: மஞ்சுவிரட்டில் மாடு தூக்கி எறிந்தாலோ, பையன்கள் ஊருணியில் தலைகீழாகக் குதித்து அடிபட்டாலோ முதலில் என்ன செய்ய வேண்டும்?

செய்யக் கூடாததை முதலில் சொல்கிறேன். கையையும் காலையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்காதீர்கள், உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள். ஒருவர் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடிக்க, மற்றவர்கள் உடம்பை மரக்கட்டை மாதிரி ஒரே சேரத் திருப்பிப் பலகையில் கிடத்த வேண்டும். தண்ணீருக்குள் என்றால் முகத்தை மேலே திருப்பி மிதக்கவிட்டபடி பிடித்திருங்கள். 108 வரட்டும். கோடையில் ஊருணித் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியிருக்கும். போன வருட ஆழத்தை நம்பித்தான் குதிக்கிறார்கள்.

"தண்டுவடத்தில் அடிபட்டால் எட்டு மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு போட வேண்டுமாமே" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். 1990இல் வந்த அமெரிக்க ஆய்வை வைத்து உலகம் முழுக்க அப்படிப் போட்டார்கள். பின்னால் அலசிப் பார்த்தபோது பலன் சொற்பம், நோய்த்தொற்றும் குடல் ரத்தக்கசிவும் கூடுதல் என்று தெரிந்தது. இப்போது பல இடங்களில் வழக்கமாகப் போடுவதில்லை.

தேவகோட்டை: அக்கா மகளுக்கு முதுகெலும்பில் டி.பி. என்கிறார்கள். இருமலே இல்லையே?

இருமல் இருக்க வேண்டியதில்லை. கிருமி ரத்தம் வழியாக எலும்புக்குப் போய்விடும். பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1779இல் விவரித்த நோய் இது. இதற்கு நம் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையம் செய்த வேலை பெரியது. நோயாளியை மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்தாமல், நடமாடவிட்டபடியே ஆறு, ஒன்பது மாத மருந்து கொடுத்துச் சோதித்தார்கள். பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே குணமானது. இன்றைய இந்திய வழிகாட்டுதல் 12 மாத மருந்து என்கிறது. வலி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கால் பலம் குறைந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

கானாடுகாத்தான்: தம்பிக்கு விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலில்லை. ஸ்டெம் செல் (குருத்தணு) ஊசிக்குப் பல லட்சம் கேட்கிறார்கள். நிலத்தை விற்கலாமா?

விற்காதீர்கள். தண்டுவடக் காயத்துக்கு இது இன்னும் ஆராய்ச்சிதான். நம் நாட்டு விதிப்படி ஆராய்ச்சியில் சேருகிற நோயாளியிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது. காசு கேட்டாலே விஷயம் புரிந்துவிடும்.

நம்பிக்கையான சேதி வேறு பக்கம் இருக்கிறது. கழுத்துத் தோலின் மேல் மின்முனை ஒட்டி, லேசாகத் தூண்டியபடியே கைப்பயிற்சி கொடுத்த ஆய்வு 2024இல் வெளியானது. 60 பேரில் 72 சதவீதம் பேருக்குக் கையின் பலமும் பயன்பாடும் கூடின. ஆனால் அவர்கள் ஓரளவு உணர்வோ அசைவோ மிச்சம் இருந்தவர்கள். தம்பிக்கு இன்றைக்குத் தேவை படுக்கைப் புண் வராத கவனிப்பு, சிறுநீர்ப் பராமரிப்பு, பயிற்சி. வேலூர் சி.எம்.சி. மறுவாழ்வு மையத்தையும் தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தையும் விசாரியுங்கள். ஆய்க்குடியில் அதை 1981இல் தொடங்கிய ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்.

ஆத்தங்குடி: தரைக்கு டைல்ஸ் செய்கிறோம், நாள் முழுக்கக் குனிந்து கண்ணாடி மேல் சாயம் ஊற்றுகிற வேலை. கழுத்தில் 27 கிலோ பாரம் ஏறுமாமே?

60 டிகிரி குனிந்தால் அவ்வளவு என்று 2014இல் ஒருவர் கணக்குப் போட்டார். கணினியில் போட்ட கணக்கு அது, ஆட்களை வைத்து அளந்ததில்லை. மேசையைக் கொஞ்சம் உயர்த்துங்கள், அரை மணிக்கு ஒரு தரம் நிமிர்ந்து நடங்கள். வலி வந்து போகும். ஆனால் சாயம் ஊற்றும்போது கோடு கைதவறிப் போக ஆரம்பித்தால், மேலே கோட்டையூர்க்காரருக்குச் சொன்னதைப் படித்துவிட்டு அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.