நகம் பற்றிக் கேட்டவைக்குச் சில பதில்கள்

தோல் கிளினிக்கில் பல வருடம் தாதியாக இருந்தவள் நான். நகம், விரல், கை பற்றிக் கேளுங்கள் என்று சொன்னேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொக்குவிலில் இருந்து ஓர் அம்மா: மகளுக்கு 9 வயது. நகத்தில் வெள்ளைப் புள்ளிகள். கல்சியம் காணாது என்கிறார்கள். பால்மா கூட்டிக் கொடுக்கட்டோ?

பால்மாவால் அந்தப் புள்ளி போகாது, அம்மா. நகம் உருவாகிற இடம் அதன் அடியில், தோலுக்குள் இருக்கிறது. கதவில் இடிபட்டாலோ நகம் கடித்தாலோ அங்கே சின்னக் காயம் வரும். வாரக்கணக்கில் கழித்துத்தான் வெள்ளையாக வெளியே தெரியும், அதற்குள் இடிபட்டது மறந்துவிடும். கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளரும். இன்றைக்கு ஒரு படம் எடுத்து வையுங்கள், அடுத்த மாதம் புள்ளி மேலே ஏறியிருக்கும்.

சுன்னாகத்தில் இருந்து: நகம் படைபடையாக உரிகிறது. என்ன சாப்பிட வேண்டும்?

சாப்பாட்டுக்கு வருகிறேன், முதலில் ஈரத்தைச் சொல்ல வேண்டும். நகம் தண்ணீரை உறிஞ்சி ஊதும், காயும்போது சுருங்கும். காலையில் பாத்திரம், பிறகு மீன், பிறகு உடுப்பு, பின்னேரம் திரும்பவும் பாத்திரம். இப்படி ஊதிச் சுருங்கிச் சுருங்கித்தான் நுனி படைபடையாகப் பிரிகிறது. சவுக்காரம் நகத்தில் உள்ள எண்ணெய்ப் பிடிப்பையும் எடுத்துவிடும். றப்பர் கையுறை போடுங்கள், உள்ளே மெல்லிய பருத்திக் கையுறையும் போட்டால் வியர்வை தேங்காது. படுக்க முதல் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஒரு துளி, நகத்தின் அடியில் தேய்த்தால் காணும்.

இனிச் சாப்பாடு. நகம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. முட்டை, மீன், பயறு, கௌபி, உழுந்து, இதில் ஏதாவது ஒன்று தினமும் கோப்பையில் இருக்கட்டும். இரும்புச்சத்துக்கு ஈரல், நெத்தலி, முருங்கையிலை. இலை வறைக்குத் தேசிக்காய் பிழியுங்கள், இரும்பு நன்றாகச் சேரும். சோறு முடிந்த கையோடு தேத்தண்ணி குடிப்பதை மட்டும் விடுங்கள், அது இரும்பைச் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் பொறுங்கள். நகம் கரண்டி போலக் குழிந்து, ஒரு துளி தண்ணீர் அதில் தங்கி நின்றால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

உரும்பிராய்: பாமசியில் பயோட்டின் குளிசை வாங்கலாமா?

பயோட்டின் ஒரு விற்றமின், பெரும்பாலானவர்களுக்குச் சாப்பாட்டிலேயே போதியளவு கிடைக்கிறது. ஏற்கெனவே போடுகிறீர்கள் என்றால், தைரொயிட் பரிசோதனைக்கு முன் வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த முடிவைப் பிழையாகக் காட்டிவிடும்.

சாவகச்சேரி: மகனுக்கு நகத்தில் வெள்ளைப் புள்ளி, கல்சியம்...

முதல் பதிலைப் பாருங்கள்.

குருநகர், றால் உடைக்கிறவர்: பெருவிரலில் நகச்சுத்து. தேசிக்காயைக் குடைந்து விரலில் மாட்டட்டோ?

வேண்டாம், அக்கா. ஈரத்தில் ஊறி, றால் ஓடு குத்தி, நகத்தைச் சுற்றியிருக்கிற தோல் திறந்துபோயிருக்கும். அதுக்குள் கிருமி போயிருக்கு. இளஞ்சூடான உப்புத் தண்ணீரில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தரம், பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். பிறகு நன்றாகத் துடையுங்கள்.

வட்டுக்கோட்டை ஐயா: எங்கள் ஆச்சி காலத்தில் இருந்து தேசிக்காய்தான். எல்லாருக்கும் மாறினதே?

ஐயா, சின்ன நகச்சுத்து பல நேரம் தானாகவே வற்றும். பெயர் தேசிக்காய்க்குப் போய்விடுகிறது.

இணுவில்: வலி குறைகிறது உண்மைதானே அக்கா?

விரல் இடிபடாமல் பொத்தி இருப்பதால் கொஞ்சம் இதம் வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் மாட்டி வந்த விரலைக் கழற்றிப் பார்த்தவள் நான். தோல் வெள்ளையாக ஊறி, அடியில் மஞ்சளாகச் சீழ். இரண்டு நாளாக யாருக்கும் தெரியவில்லை. இன்னொருவர் தேசிப்புளி காயாத கையோடு வெங்காயத் தோட்டத்தில் வெயிலில் நின்றார், புறங்கை கொப்பளித்து மாதக்கணக்கில் கறுத்துக் கிடந்தது. தேசிப்புளியும் வெயிலும் சேர்ந்தால் தோல் எரியும். சீனி வருத்தம் உள்ளவர்கள் வீட்டு வைத்தியத்தில் ஒரு நாளும் கடத்தக்கூடாது.

வட்டுக்கோட்டை ஐயா: அப்ப மஞ்சள் வைக்கலாமோ?

திறந்த புண்ணில் எதையும் அப்ப வேண்டாம் ஐயா.

மானிப்பாய்: ஒரு நகத்தில் மட்டும் நெடுக்காகக் கறுப்புக் கோடு, அகலமாகிறது.

இதை நான் இங்கே பார்த்துச் சொல்லக்கூடாது. பல நகங்களில் மெல்லிய கோடு எங்கள் நிறத்தவர்களுக்குச் சாதாரணம். ஒன்றில் மட்டும் வந்து அகலமானால் தோல் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். இந்தக் கிழமையே போங்கள்.

நல்லூர்: கியூட்டெக்ஸ் போட்டு நகம் மஞ்சளாகிவிட்டது.

கொஞ்ச மாதம் விடுங்கள், வளர்ந்து போகும்.

குருநகர்: அக்கா, அமத்திப் பார்த்தேன், மஞ்சளாகத் தெரியுது. எனக்குச் சீனியும் இருக்கு. நாளைக்கு றால் வருது, வேலை முடிய ஆஸ்பத்திரிக்குப் போகட்டோ?

இல்லை அக்கா, இன்றைக்கே போங்கள். சீழை அவர்கள் எடுத்துவிடுவார்கள், நீங்கள் ஊசியால் குத்தவேண்டாம். சீனி இருக்கென்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். றாலை நாளைக்கு வேறு யாராவது உடைக்கட்டும்.